நன்னாவின் இடிகட்டை

என் வேலை மேசையில் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மரக்கட்டை எப்போதும் கிடக்கும். ஒரு சாண் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன், நாள்பட்ட தந்தம் போல மஞ்சள் நிறம். ஒரு முனையில் குமிழ், மறுமுனை தட்டை. ஷூ அப்பரின் ஓரத்தை மெல்லிசாகச் சீவி, பசை தடவி, உள்பக்கமாக மடித்த பிறகு அந்த மடிப்பை அழுத்தித் தேய்க்க இதைவிட நல்ல சாமான் எனக்குக் கிடைத்ததில்லை. யூனிட்டுக்குப் புதிதாக வருகிற பையன்கள் இதைத் தோல் வேலைக்கென்றே செய்த கருவி என்று நினைத்துக்கொள்வார்கள். இது துப்பாக்கித் தோட்டாவுக்குள் தக்கையை இடித்து இறக்குவதற்காகக் கடைந்த கட்டை. என் தாத்தாவுடையது; நாங்கள் நன்னா என்போம்.

போன வருஷம் என் அக்கா மகன் டெக்சாஸிலிருந்து பேசினான். அங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் கூட வேலை பார்க்கிறவர்களோடு குறி பார்த்துச் சுடும் மைதானத்துக்குப் போகிறான். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கிறான்.

"மாமா, ஒரு பிரஸ் வாங்கணும். எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"என்ன தம்பி, அங்கே போயும் அப்பர் கட் பண்ணப் போறியா?"

"இல்லே மாமா. சுட்ட தோட்டாவைத் திரும்ப ரொப்புற பிரஸ். சின்னது, மேசையிலே போல்ட் போட்டு மாட்டுறது. கடையிலே அம்பது விதம் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலே. நீங்க நாப்பது வருஷமா பிரஸ்ஸோடயே இருக்கீங்க."

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவன் கொள்ளுத்தாத்தா இதே மேல்விஷாரத்தில், பாலாற்றுப் பக்கம் பார்த்த திண்ணையில் உட்கார்ந்து, அதே வேலையைக் கையால் செய்தவர். அன்று ராத்திரி அவனுக்கு நான் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில், 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ், எங்கள் பக்கத்துத் தோல் ஷாப்புக்காரர்களில் சிலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. நன்னாவிடம் இருந்தது 12 போர் இரட்டைக்குழல். இந்த 12 என்பது அங்குலக் கணக்கு இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை எத்தனை பருமன் இருக்குமோ, அதுதான் குழலின் உள்வாய். மார்கழி, தை மாதங்களில் காவேரிப்பாக்கம் ஏரிக்குச் சிறகியும் உள்ளானும் வந்து இறங்கும். விடிகாலையில் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். "பிஸ்மில்லாஹ்" சொல்லித்தான் விசையை இழுப்பார் நன்னா. விழுந்த பறவை உயிரோடு கைக்கு வந்தால் அறுப்பு, செத்துக் கிடந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான். அதனால் ஓடுவதற்கென்றே கத்தியோடு ஒரு பையன் கூடப் போவான். சிறு வயதில் அந்தப் பையன் என் அத்தா.

தோட்டா அப்போது சீமையிலிருந்து வந்தது. எலி, கைனோக் என்ற இரண்டு பேரும் எங்கள் வீட்டில் பாத்திரத்தின் பேர் மாதிரிப் புழங்கியவை. சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றது. ஆனால் சீமைத் தோட்டாவின் உடம்பு காகிதம். அடிப்பாகம் மட்டும் பித்தளை. ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் பெட்டியில் இருந்தால் ஈரம் குடித்து ஊதிவிடும். ஊதிய தோட்டா குழலுக்குள் போகாது. முக்கித் திணித்தால் சுட்ட பிறகு வெளியே வராது. அதனால் இந்த ஊர்ப் பக்கம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் முழுப் பித்தளைத் தோட்டாவைத் தேடி வாங்கினார்கள். விலை அதிகம்தான். ஆனால் ஒன்றை இருபது, முப்பது தடவை திரும்ப நிரப்பலாம். நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நாட்டுத் துப்பாக்கிக்காரனுக்கு இது புதிதில்லை. குழலின் வாய் வழியே கரிமருந்து, தக்கை, ரவை, மறுபடி தக்கை என்று போட்டுக் கம்பியால் இடிப்பதற்குத் தமிழில் 'கெட்டிப்பது' என்று பேர். தெற்கே ஜவ்வாது மலையில் அந்தச் சொல் நேற்றுவரை பேச்சில் இருந்தது. தோட்டா வந்ததும் நடந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: குழலுக்குள் கெட்டித்ததைப் பித்தளைக் குப்பிக்குள் கெட்டித்தார்கள். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, அதன் மேல் மருந்து, தக்கை, ரவை, மூடித்தக்கை. வரிசை அதேதான்.

நன்னாவின் சாமான்களை நான் பார்த்தது 1965 வாக்கில், எட்டு வயதில். அதற்கு முன்பே அவர் நிரப்புவதை நிறுத்திவிட்டார். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு மழை நாளில், நச்சரிப்பு தாங்காமல், ஆவாரம் பட்டைத் தூளை மருந்தாகவும் கேழ்வரகை ரவையாகவும் வைத்து எனக்குச் செய்து காட்டினார். தேக்குப் பெட்டி. அதில் ஐந்து சாமான். சுட்டுப்போன கேப்பைத் தள்ளிவிட்டுப் புதுக் கேப்பைப் பொருத்துகிற சின்ன இடுக்கி. கருங்காலிப் பிடி போட்ட பித்தளை அளவுக் கிண்ணி. அதன் அடியை மேலேயும் கீழேயும் நகர்த்தி அளவை மாற்றலாம். புனலும் இந்த இடிகட்டையும். ஐந்தாவது, மேசை விளிம்பில் திருகி மாட்டும் சின்ன மெஷின்: கைப்பிடியைச் சுழற்றினால் காகிதத் தோட்டாவின் வாய் உள்பக்கமாகச் சுருண்டு மடங்கி மூடிக்கொள்ளும். அதில் ஜேம்ஸ் டிக்ஸன், ஷெஃபீல்ட் என்று எழுதியிருந்தது.

அந்தக் கைப்பிடியை நான்தான் சுற்றினேன். காகித விளிம்பு மெழுகு மாதிரி இளகி, சுருண்டு, கேழ்வரகின் மேல் வட்டமாக உட்கார்ந்தது. பத்து வருஷம் கழித்து ஷூ அப்பரில் ஓரம் மடிக்கக் கற்றுக்கொண்டபோது கைக்கு அந்த வேலை முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. தடிமனை முதலில் குறைத்துக்கொள், பிறகு மடி, பிறகு அழுத்து; அவசரப்பட்டால் கிழியும். காகிதமானாலும் ஆட்டுத்தோலானாலும் இது ஒன்றுதான்.

ஆனால் அன்று என் மனசில் பதிந்தது மெஷின் இல்லை. நிரப்பத் தொடங்கும் முன் நன்னா செய்த காரியம். பத்துப் பித்தளைத் தோட்டாவையும் ஒவ்வொன்றாக எடுத்து, அம்மிக்கல்லின் விளிம்பில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். கணீர், கணீர் என்று விழுந்தன. ஒன்று மட்டும் சப்தம் செத்து விழுந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நகத்தால் வாய் விளிம்பைச் சுற்றித் தடவினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. மயிரிழை விரிசல். "இது போதும்டா, இது வேலையை முடிச்சிருச்சு" என்று தனியாக வைத்தார். பிறகு ஒரு பலகையில் துளைகள் போட்டு, மற்ற ஒன்பதையும் நிற்க வைத்து, ஒன்பதுக்கும் மருந்து போட்ட பிறகு குனிந்து ஒவ்வொரு வாய்க்குள்ளும் பார்த்தார். ஒன்றில் இரண்டு அளவு விழுந்திருக்குமோ, ஒன்றில் விழாமலே போயிருக்குமோ என்ற பார்வை. வெறும் ஆவாரம் தூளுக்கே அப்படிப் பார்த்தார்.

மருந்து விஷயத்தில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. பழைய கரிமருந்துக்கென்று செய்த அளவுக் கிண்ணியில், பின்னால் வந்த புகையில்லா மருந்தை அதே அளவு அள்ளிப் போட்டால் குழல் வெடித்துவிடும். அப்படி வெடித்து விரல் போனவர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு. அந்த இரண்டு மருந்துகளும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பது நன்னாவின் சட்டம்.

தோலுக்கும் தோட்டாவுக்கும் இந்த ஆற்காட்டுச் சீமையில் உறவு நன்னாவோடு தொடங்கியதில்லை. எங்கள் ஊரிலிருந்து ஆற்காடு கூப்பிடு தூரம். 1751இல் கிளைவ் 50 நாள் முற்றுகையில் அடைந்து கிடந்த கோட்டை அது. ஹைதரும் திப்புவும் இந்தப் பாலாற்றங்கரை வழியாகப் படை நடத்தியபோது கூட வந்த ராக்கெட்டுகளில், மருந்து அடைத்த இரும்புக் குழாயை மூங்கிலோடு சேர்த்துக் கட்டியது தோல் வார். பதப்படுத்தாத தோலை ஈரமாகச் சுற்றிக் காயவிட்டால் அது சுருங்கி இரும்பைப் பிடிக்கிற பிடி எந்தக் கயிற்றுக்கும் வராது. தோல் ஷாப்பில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதுத் தலைப்பாகையில் குத்தச் சொன்ன தோல் சின்னம் ஒரு காரணம். ஐம்பது வருஷம் கழித்து வடக்கே 1857இல் நடந்ததற்குத் தோட்டா உறையில் தடவிய கொழுப்பு ஒரு காரணம். எந்த மிருகத்தின் தோல், எந்த மிருகத்தின் கொழுப்பு என்று கேட்டுத்தான் இந்த நாட்டில் சாமானைத் தொடுவார்கள். தோல் வியாபாரம் செய்கிற எங்களுக்கு அது இன்றைக்கும் பழக்கமான கேள்வி.

முதல் உலகப் போர் வந்தபோது உறவு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்துப் பட்டாளத்தின் கனத்த பூட்ஸுக்கு அவர்கள் வைத்த பேரே 'அம்யூனிஷன் பூட்ஸ்'. அடியில் ஆணி, குதிகாலில் இரும்பு லாடம். மேல் தோலுக்கு அவர்கள் நம்பியது சென்னை மாகாணத்தின் ஆவாரம் பட்டைத் தோலை. ஈஸ்ட் இண்டியா கிப்ஸ் என்று லண்டன் சந்தையில் பேர் வாங்கிய மாட்டுத்தோல் இதுதான்; எங்கள் பக்கம் சுருக்கமாகக் 'கிப்ஸ்'. 1916 முதல் இதை அரசாங்கமே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. பட்டாளத்தின் கொள்முதலை மேற்பார்க்க 1917இல் இந்திய மியூனிஷன்ஸ் போர்டு வந்தது. சுண்ணாம்புக் குழியில் மயிர் கழித்து, ஆவாரம் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காய் போட்டு, எண்ணெய் இட்டு, நிழலில் உலர்த்திய தோல் பிரான்ஸின் சேற்றுக்குள் நடந்தது. அந்தத் தோல் விற்ற பணத்தில் எழுந்த மாடிவீடுகள் விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இன்னும் நிற்கின்றன. பணம் மாடிவீட்டோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம் சாகிப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார், சென்னை சென்ட்ரல் எதிரே வழிப்போக்கர்கள் தங்கச் சித்தீக் சராய் கட்டினார். 1965இல் தொடங்கிய எங்கள் ஊர்க் கல்லூரி அவர் பேரைத்தான் தாங்கி நிற்கிறது.

இனி நன்னா நிறுத்தியது ஏன் என்பது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவு தோட்டாவை மட்டும் தோட்டா என்று சொல்லவில்லை. தோட்டாவின் உறுப்புகளும், தோட்டா தயாரிக்கும் மெஷினும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன. தயாரிப்பதற்கு ஐந்தாம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. ஆகவே என் அக்கா மகன் கேட்ட கேள்விக்கு மேல்விஷாரத்தில் இடமே இல்லை. ஆயிரத்தில் ஒருவராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்படக் கூடாது என்பதற்காக வெளிப்படையாக எழுதுகிறேன்: இங்கே அந்த லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துத் தோட்டா நிரப்புவது குற்றம், அதற்கான மெஷினை வரவழைப்பதும் குற்றம். நன்னா படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. ஆற்காட்டில் ஒரு வக்கீல் சொன்னார், அன்றோடு விட்டுவிட்டார். பிறகு கிர்க்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவைத்தான் லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்கு வாங்கினார். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. ஏரிக்குப் போவதும் நின்றது. 1991 திருத்தத்தோடு நாட்டில் வேட்டைக்கே வழியில்லாமல் போயிற்று. நன்னா மவுத்தான பிறகு அத்தா துப்பாக்கியையும் தேக்குப் பெட்டியையும் சென்னையில் லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டார். இந்த இடிகட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார், ஓரம் தேய்க்க.

சட்டம் சரி என்பதே என் எண்ணம். ஒட்டுச் சுவர் வீடுகளும், கரைப்பான் டின்களும், பசை நாற்றமுமாக இருக்கிற தெருவில் கரிமருந்தை அளக்க எவரும் உட்காரக் கூடாது. ஆனாலும் அந்தப் பலகைத் துளைகளுக்கு மேல் குனிந்து பார்த்த பார்வை போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இந்தப் பழக்கத்தின் வேரிலும் தோல்தான் இருக்கிறது. 1871 வாக்கில் காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைப் பெல்ட்டுக்கு ஆகிற மாதிரிப் பதப்படுத்தும் வழியைக் கிழக்கத்தித் தோல் ஷாப்புகள் கண்டுபிடித்தன. தோலுக்கு விலை ஏறியதும் வேட்டைக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சமவெளியில் இறங்கினார்கள். பகலில் சுட்ட பித்தளையை ராத்திரி நெருப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து கையால் நிரப்பி மறுநாள் சுட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் எருமை முடிந்தது. ஒரு தோல் தொழில்காரனாக இந்த இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. நாங்கள் வாங்குகிற தோலுக்குப் பின்னால் ஒரு மிருகம் நின்றது என்பதை மறந்த சந்தை அது.

அந்த வேட்டைக்காரர்கள் போனாலும் பழக்கம் நிலைத்தது. 1884இல் ஐடியல் என்ற கம்பெனி கொறடு மாதிரி ஒரு கைக்கருவி செய்து விற்றது. 1943இல் கலிஃபோர்னியாவில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர் தொடங்கியதுதான் இந்தக் கருவிகள் செய்யும் ஆர்.சி.பி.எஸ். கம்பெனி. 1958இல் ரிச்சர்ட் லீ செய்த கருவிக்கு மேசை மெஷின்கூட வேண்டாம், மரச் சுத்தியால் தட்டினால் போதும்; அதன் படத்தை அக்கா மகன் அனுப்பியபோது நன்னாவின் தேக்குப் பெட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே இந்த வேலை வேரூன்றியதற்குத் தோட்டாவின் அடியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கேப்பு உட்காரும் குழியில் நடுவே ஒரே துளை இருந்தால், மேலிருந்து ஊசியை விட்டுச் செத்த கேப்பை ஒரு தட்டில் தள்ளிவிடலாம். பாக்ஸர் என்ற இங்கிலீஷ் பட்டாளக்காரர் கண்ட முறை இது. பெர்டான் என்ற அமெரிக்கர் கண்ட முறையில் ஓரத்தில் இரண்டு சின்னத் துளைகள். ஊசி போகாது, கேப்பைக் கிளறித்தான் எடுக்க வேண்டும். விதி என்னவோ, இங்கிலீஷ்காரர் முறை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கர் முறை ஐரோப்பாவில் நிலைத்தது. அமெரிக்காவில் சாமானியன் மேசையில் பிரஸ் மாட்டியதற்கு அந்த ஒற்றைத் துளைக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, எந்தப் பிரஸ்? அவன் அனுப்பிய படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தேன். சட்டத்தின் வடிவம் இரண்டு விதம். ஒன்று முன்பக்கம் திறந்த சட்டம், இங்கிலீஷ் சி எழுத்து மாதிரி. மற்றது நாலா பக்கமும் மூடிய வளையம். எனக்கு உடனே எங்கள் மெஷின்கள் ஞாபகம் வந்தன. ஸ்விங் ஆர்ம் கிளிக்கிங் பிரஸ்ஸில் கை ஒற்றைத் தூணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். தோலைப் போடவும் எடுக்கவும் வசதி. பீம் பிரஸ்ஸில் இரண்டு பக்கமும் தூண், அமுக்கம் கோணாது. ஒரு பக்கம் திறந்த சட்டம் பாரம் ஏறும்போது இம்மியளவு வாய் பிளக்கும். அந்த இம்மி தோலில் தெரியாது, பித்தளைக்குப் பழைய உருவத்தைத் திரும்பக் கொடுக்கும்போது தெரியும். அதனால் மூடிய சட்டம், வார்ப்பிரும்பு, கனமானது என்று முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அச்சு திருகும் மரை எட்டில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று. அங்கே அதுதான் பொது அளவு என்பதால் ஒரு கம்பெனி பிரஸ்ஸில் இன்னொரு கம்பெனி அச்சு ஏறும் என்றான். நல்லது. எங்கள் தொழிலில் டை விஷயத்தில் அந்த ஒழுங்கு இருந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்கிற பிரஸ்ஸா, இல்லை சுற்றுத் தட்டில் ஐந்தாறு தோட்டாவை ஏற்றி, ஒவ்வொரு இழுப்புக்கும் முழுத் தோட்டா ஒன்றை வெளியே தள்ளுகிற பிரஸ்ஸா? இரண்டாவதை 'புரோகிரஸிவ்' என்கிறார்கள். "மணிக்கு நானூறு வரும்னு போட்டிருக்கான் மாமா. எப்படியும் பின்னாலே அதுக்குத்தான் போகணும். முதல்லேயே வாங்கிட்டா என்ன?"

இந்த வார்த்தையை நானே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதியை அரசாங்கம் தடுத்தது. அதற்கு முந்தைய வருஷம் சீதாராமையா கமிட்டி சொன்னதை வைத்து, அரைப்பதனிட்ட தோலுக்கும் அளவு கட்டினார்கள். தோலாக அனுப்பாதே, சாமானாக அனுப்பு என்பது கொள்கை. கிப்ஸ் விற்றே மூன்று தலைமுறை வாழ்ந்த ஊர் ஷூ அப்பர் செய்யக் கற்றுக்கொண்டது அப்போதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த 1976இல் கையால்தான் வெட்டு. தகட்டு பேட்டர்னைத் தோலின் மேல் வைத்து, வளைந்த முனைக் கத்தியால் ஓரத்தைச் சுற்றி இழுப்போம். ஒவ்வொரு தோலையும் முதலில் பலகையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவை முழுக்கத் தடவ வேண்டும். உண்ணிக் கடி, முள் கிழித்த கோடு, சூட்டுக்குறி, கழுத்துச் சுருக்கம், வயிற்றுத் தொய்வு. ஷூவின் முன்பக்கத்துக்கு முதுகிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாக்குக்கும் உள்துண்டுக்கும் வயிறு போதும். மேஸ்திரி கத்தியைக் கையில் தருவதற்கு முன்பு மூன்று மாதம் தடவ மட்டும்தான் விட்டார்.

1984இல் சொந்தமாக யூனிட் போட்டேன். கடன் வாங்கி முதல் பிரஸ் எடுக்கப் போனவன், ஸ்விங் ஆர்மைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற பழைய பீம் பிரஸ்ஸில் மயங்கிவிட்டேன். எட்டு அடுக்கு, பத்து அடுக்கு ஒரே அமுக்கில் வெட்டும். எப்படியும் பின்னால் அதற்குத்தான் போக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். கொண்டுவந்து நிறுத்தி, தோலை நான்கு நான்காக அடுக்கி அமுக்கினேன். மேல் தோல் நான் பார்த்த தோல். அடியில் இருந்த மூன்றும் நான் பார்க்காதவை. உண்ணிக் கடியெல்லாம் ஷூவின் முகத்திலேயே வந்து உட்கார்ந்தது. தைத்து முடித்து அனுப்பிய சரக்கில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அந்தப் பெட்டிகளைப் பிரித்த ராத்திரி அத்தா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கூட உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாக விளக்கில் பிடித்துப் பார்த்து, தேறுவது தேறாதது என்று பிரித்தார். பீம் பிரஸ் கெட்ட மெஷின் இல்லை. லைனிங் துணிக்கும் ரெக்சினுக்கும் ஃபோமுக்கும் அது பிறந்த மெஷின். அவை மீட்டர் மீட்டராக ஒரே மாதிரி இருக்கும். தோல் அப்படி இல்லை. அதனால்தான் இவ்வளவு கம்ப்யூட்டர் வந்த பிறகும் நல்ல யூனிட்டில் தோலை ஒற்றை ஒற்றையாக விரித்துப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள்.

சுட்ட பித்தளையும் தோல் மாதிரிதான் என்று அவனிடம் சொன்னேன். புதிதாகப் பெட்டியில் வரும்போது எல்லாம் ஒன்று. ஒரு தடவை சுட்டு முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் வந்துவிடுகிறது. ஒன்று நீண்டிருக்கும், ஒன்றின் வாய் பிளந்திருக்கும், ஒன்றின் கேப்புக் குழி தளர்ந்திருக்கும். ஒரு வேலை மட்டும் செய்கிற பிரஸ்ஸில் ஒரே தோட்டா நாலைந்து தடவை உன் கைக்கு வந்து போகும். மருந்து போட்ட பிறகு எல்லாவற்றையும் பலகையில் நிற்க வைத்து வாய்க்குள் பார்க்கலாம். சுற்றுத் தட்டு மெஷினில் ஒரே நேரத்தில் ஐந்து காரியம் ஐந்து இடத்தில் நடக்கும். கண் எதைப் பார்க்கும்? ஒன்றில் மருந்து இரண்டு தடவை விழுந்தால் அது தெரியப்போவது உன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து விசையை இழுக்கும்போதுதான். எவ்வளவு மருந்து என்பதை மருந்து செய்கிற கம்பெனி அச்சடித்த புத்தகத்திலிருந்து மட்டும் எடு, வேறு எவன் சொன்னாலும் எடுக்காதே என்றும் சொன்னேன். அதை அவன் முன்பே படித்திருந்தான்.

இன்னொன்றும் சொன்னேன். கிளிக்கிங் பிரஸ்ஸில் இரண்டு கைக்கும் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கை இறங்கும். பீஸ் ரேட்டு அவசரத்தில் ஒரு பட்டனைத் துணி சுற்றிக் கட்டிவிட்டு ஒரே கையால் ஓட்டிய ஒரு தம்பியின் இரண்டு விரல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவன் இன்றைக்கும் ஜும்ஆவில் எனக்கு முன்வரிசையில் நிற்பான். தக்பீருக்குக் கை தூக்கும்போது என் கண் அங்கேதான் போகும். வேகம் கற்றுக்கொடுக்கிற மெஷினை முதலில் வாங்காதே தம்பி என்றேன்.

அவன் கனமான, மூடிய சட்டம் போட்ட, ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்கிற பிரஸ்ஸையே வாங்கினான். மேசையில் போல்ட் போட்டு மாட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசினான். இங்கே இஷா முடிந்து வந்திருந்தேன். பத்து தோட்டா எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

"மேசை எதுலே ஆனது?"

"கிரானைட் மாமா. கிச்சன்லேருந்து பேசறேன்."

"ஒரு சாண் மேலேருந்து ஒண்ணொண்ணா போடு. போனைப் பக்கத்துலே வை."

முதலாவது விழுந்தது. ராத்திரி நேரம், தெருவில் சத்தமில்லை. அத்தனை தூரம் தாண்டியும் கணீரென்று கேட்டது. இரண்டு, மூன்று, நான்கு. என் கையில் இடிகட்டை இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. ஏழாவது சப்தம் செத்து விழுந்தது.

"தம்பி, நிறுத்து. அதை எடுத்து லைட்டுக்கு நேரே பிடி. நகத்தாலே வாயைச் சுத்தி வா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தட்டுது மாமா" என்றான்.